மறந்தவரைக் கடியாதீர்கள்

விபத்திலோ பக்கவாதத்திலோ மூளை பாதிக்கப்பட்ட பெரியவர் தொழுகையை மறந்தால், காரணமின்றிச் சினந்தால், "ஷைத்தான் பிடித்துவிட்டது" என்கிறோம். இது முறையன்று.

1848இல் அமெரிக்காவின் பினியஸ் கேஜ் என்பவரது மூளையின் முன்பகுதியை இரும்புக் கம்பி துளைத்தது. உயிர் பிழைத்தார், குணம் மாறிற்று. 1953இல் வலிப்பு நோய்க்கான அறுவையில் ஹென்றி மோலைசனுக்கு ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதி இருபுறமும் அகற்றப்பட்டது. அதன்பின் நிகழ்ந்தவை அவர் நினைவில் தங்கவில்லை.

புத்தி நீங்கியவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டதென நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அல்லாஹ் குற்றம் பிடிக்காதவரை நாம் கடியலாமா? மருத்துவரிடம் காட்டுவோம், தொழுகை வேளையில் கைபிடித்து அருகில் அமர்த்துவோம், அவர் சினத்துக்குச் சபர் செய்வோம்.

மூளையும் அமானிதமே. ராஜபாளையம்–ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் தலைக்கவசமின்றி விரையும் நம் பிள்ளைகளுக்கும் இதனை உணர்த்துவோமாக.