பொங்கல் நாளும் விடுப்புக் கணக்கும்

பொங்கலுக்குக் கேரளத்தில் ஆறு மாவட்டங்களுக்கு உள்ளூர் விடுமுறை உண்டு. திருவனந்தபுரம், கொல்லம், பத்தனம்திட்டை, இடுக்கி, பாலக்காடு, வயநாடு ஆகியவை அந்த ஆறும். தமிழ்நாட்டை ஒட்டியும் தமிழர் வாழ்வை ஒட்டியும் கிடக்கும் பகுதிகள் இவை. 2022ஆம் ஆண்டில் அந்த விடுமுறை சனவரி 15 என்று குறிக்கப்பட்டிருந்தது. பொங்கலோ 14ஆம் நாள். தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கேட்டுக்கொண்டார், கேரள அரசு நாளை மாற்றித் தந்தது. நல்ல செயல். அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் செய்யத்தக்க செயல்.

ஆனால், நண்பர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்த விடுமுறை யாருக்கு? பள்ளிக்கூடத்துக்கு, கல்லூரிக்கு, அரசு அலுவலகத்துக்கு. தேயிலைக் காட்டில் கொழுந்து எடுப்பவருக்கும், ஏலக்காட்டில் களை எடுப்பவருக்கும், ஆலையில் இயந்திரத்தின் முன் நிற்பவருக்கும் அந்த ஆணை தானாக வந்து சேர்வதில்லை. பிள்ளைக்கு விடுமுறை, தந்தைக்கு வேலை. பொங்கல் யாரோடு?

நான் மூணாற்றுப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன். பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர். அம்மா இன்றும் கொழுந்து எடுக்கிறார். அண்ணன் பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் ஓர் ஆலையில் வேலை பார்க்கிறார். நானோ இயற்பியல் முதுகலை படிக்கிறேன். எதையும் அளந்து பார்ப்பது எங்கள் துறையின் பழக்கம். ஆகவே விடுப்பையும் அளந்து பார்த்தேன்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1958ஆம் ஆண்டில் சென்னை மாநிலமும் கேரளமும் ஒரே பொருள்பற்றித் தனித்தனியே சட்டம் செய்தன: தொழிலகங்களில் தேசிய விடுமுறை, பண்டிகை விடுமுறை பற்றிய சட்டம். இரண்டிலும் இன்று சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாளும் ஊதியத்துடன் விடுமுறை. அதற்குமேல் பண்டிகைகளுக்குத் தமிழ்நாட்டில் ஐந்து நாள். கேரளத்தில் ஒன்பது நாள். ஆக, எல்லைக்கு அந்தப்பக்கம் 9, இந்தப்பக்கம் 13. எண்ணிக்கையில் கேரளமே கைநீட்டிக் கொடுத்திருக்கிறது. இதை மறைத்துப் பேசுவது நேர்மை ஆகாது.

அந்த ஒன்பது நாளும் எந்தெந்த நாள்? இங்கேதான் நாம் கூர்ந்து நோக்கவேண்டும். சட்டம் ஓணம் என்றும் சொல்லவில்லை; பொங்கல் என்றும் சொல்லவில்லை. முதலாளியையும் தொழிலாளரையும் கலந்து, ஆய்வாளர் குறிக்கும் பண்டிகைகள் என்றே சொல்லுகிறது. அதாவது, பட்டியல் தலைநகரிலிருந்து வருவதன்று. அந்தந்தத் தொழிலகத்தில் பேசி முடிவு செய்வது. அம்மா வேலை செய்யும் தோட்டத்தில் பெரும்பாலோர் தமிழர், அவர்கள் கேட்டார்கள், பட்டியலில் பொங்கல் இருக்கிறது. அண்ணனின் ஆலையில் தமிழர் சிலரே, எவரும் கேட்டதில்லை, பொங்கல் இல்லை. ஒரே மாநிலம், ஒரே சட்டம், ஒரே குடும்பம். ஆனால் தாய்க்கு ஒரு பட்டியல், மகனுக்கு வேறொரு பட்டியல்!

“பட்டியலில் இல்லாவிட்டால் என்ன? சொந்த விடுப்பை எடுத்துக்கொள்ளலாமே!” என்பர் சிலர். கணக்கைப் பார்ப்போம்.

ஆண்டுக்கு 365 நாள். வார ஓய்வு 52. தேசிய, பண்டிகை விடுமுறை 13. எஞ்சுவது 300 வேலைநாள். வேலை செய்த ஒவ்வொரு இருபது நாளுக்கும் ஒருநாள் ஊதிய விடுப்பு என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அளவு. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் அளவும் அதுவே. இவற்றின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொகுப்புச் சட்டமும், ஆண்டில் 180 நாள் வேலை செய்திருக்கவேண்டும் என்ற வரம்போடு, அதே அளவையே வைத்திருக்கிறது. 300ஐ இருபதால் வகுத்தால் 15. ஒருநாள்கூடத் தவறாமல், காய்ச்சலில் படுக்காமல், வீட்டுச் சாவுக்கும் போகாமல் உழைத்தவருக்கு 15 நாள். அந்த 15 நாளையும் மறு ஆண்டு எடுத்துக்கொண்டால் அவ்வாண்டில் வேலை செய்த நாள் 285 ஆகிறது. விடுப்பு 14 ஆகிறது. விடுப்பில் இருந்த நாள் விடுப்பை ஈட்டாது.

இப்போது அண்ணனின் பொங்கலுக்கு வருவோம். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மூணாறு வரவேண்டும். வர ஒருநாள், பொங்கல் ஒருநாள், திரும்ப ஒருநாள். ஆக மூன்று நாள். ஐந்து பொங்கலுக்குப் பதினைந்து நாள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, ஓர் ஆண்டின் விடுப்பு முழுவதையும் பொங்கலுக்கே கொடுத்துவிடுகிறார்! பட்டியலில் பொங்கல் இருந்தால் மூன்று இரண்டாகும். ஐந்து ஆண்டில் ஐந்து நாள் மிஞ்சும். அவருக்குப் பக்கத்தில் நிற்கும் ஒற்றப்பாலத்துத் தோழர் ஓணத்துக்குத் தம் விடுப்பில் ஒருநாளும் இழப்பதில்லை. அத்தோழர்மீது குறையில்லை, பொங்கலுக்கு அண்ணனின் முறையைத் தாம் ஏற்றுக்கொண்டு ஊருக்கு அனுப்பிவைப்பவரும் அவரே. குறை மனிதரிடம் இல்லை. பட்டியலில் இருக்கிறது.

விடுமுறையும் விடுப்பும் ஒன்றல்ல என்பதை உலகம் நெடுநாள் முன்பே உணர்ந்தது. பண்டிகை விடுமுறை சமுதாயத்தின் நாள். ஆண்டு விடுப்பு உழைத்தவனின் சொந்த நாள். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அடைக்கக்கூடாது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1936ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே பொது விடுமுறைகளை ஆண்டு விடுப்பில் சேர்த்து எண்ணலாகாது என்றது. 1970ஆம் ஆண்டு உடன்படிக்கை ஆண்டுக்கு மூன்று வேலை வாரம் விடுப்பு வேண்டும் என்றது. வாரத்துக்கு ஆறு வேலைநாள் என்றால் பதினெட்டு நாள், நமக்கோ பதினைந்து. அந்த உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை. ஆயினும், விடுப்புக்கு இடையிலோ முன்னும் பின்னுமோ வரும் விடுமுறையை விடுப்பாக எண்ணக்கூடாது என்பது நம் சட்டத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் அப்படியில்லை: சட்டம் தரும் 28 நாளுக்குள்ளேயே வங்கி விடுமுறைகளையும் முதலாளி அடக்கிக்கொள்ளலாம். இந்த ஒன்றில் நம் ஏடு அவர்கள் ஏட்டைவிட மேல். ஏட்டில் இருப்பது கணக்கில் ஏறுகிறதா என்று பார்ப்பதே நம் வேலை.

“ஒவ்வொருவரும் தம் பண்டிகையைக் கேட்டால் ஆலை எப்போது ஓடும்?” என்று கேட்போரும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பதினான்காவது நாளை யார் கேட்டார்கள்? பதின்மூன்று பதின்மூன்றாகவே இருக்கட்டும். அதில் ஒருநாளை மாற்றிக்கொள்ளும் உரிமையைத் தந்தால் போதும். சிங்கப்பூரில் பொது விடுமுறை ஒன்றை, முதலாளியும் தொழிலாளியும் ஒத்துக்கொண்டால், வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். அதனால் அந்நாட்டுத் தொழில் நின்றுவிடவில்லை. நம் 1958ஆம் ஆண்டுச் சட்டத்திலும் விடுமுறை நாளில் வேலை செய்தவருக்கு இரட்டை ஊதியம், அல்லது ஊதியத்தோடு மாற்று விடுமுறை என்ற ஏற்பாடு இருக்கிறது. மாற்று நாள் என்ற எண்ணம் சட்டத்துக்குப் புதிதன்று.

இது தமிழருக்கு மட்டும் உரிய வழக்கும் அன்று. கோவையிலும் நீலகிரியிலும் வேலை பார்க்கும் மலையாளத் தோழர்களை நினைத்துப் பாருங்கள். ஓணத்துக்கு அங்கே மாவட்ட அளவில் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலைநாள் ஆகிறது. அதுவும் அலுவலகத்துக்கும் பள்ளிக்குமே. ஆலையில் நிற்கும் மலையாளிக்கு அந்த ஓணம் எட்டுமா? நமக்குப் பொங்கல் கேட்கும் வாயால் அவருக்கு ஓணமும் கேட்கவேண்டும். அப்போதுதான் நம் கோரிக்கைக்கு வலிமை உண்டு.

இன்னொரு கூட்டத்தார் இருக்கின்றனர். தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி வழியாக விடியற்காலையில் ஜீப்பில் ஏறி ஏலக்காட்டுக்கு வரும் கூலித் தொழிலாளர்கள். பலருக்கு வேலை உண்டு. பதிவேட்டில் பெயர் இல்லை. பெயர் இல்லாதவருக்கு இருபதுக்கு ஒன்று ஏது? அவர்களுக்கு விடுமுறை என்பது கூலியில்லாத நாளுக்கு மறுபெயர். விடுப்புக் கணக்கின் முதல் எழுத்து பதிவேட்டில் எழுதப்படும் பெயர்தான்.

மாணவ நண்பர்களே, நாம் செய்யத்தக்கது என்ன? பொங்கல் விழாவுக்குப் பல்கலைக்கழகத்தில் கரும்பு கட்டுகிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம். நடத்துவோம். அதனோடு, ஆண்டு இறுதி விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒவ்வொருவரும் ஒரு வேலை செய்வோம். நம் வீட்டார் பணிபுரியும் இடத்தின் விடுமுறைப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படிப்போம். பொங்கல் இல்லையென்றால், தொழிற்சங்கத்தின் வழியாக ஆய்வாளருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்போம். தமிழிலேயே எழுதலாம். 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதவும், தமிழிலேயே விடை பெறவும் இடம் தருகிறது. சிறுபான்மை மொழிப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் அது பொருந்தும். அம்மாவுக்கும் அண்ணனுக்கும் ஒரு சிறு நாட்குறிப்பு வாங்கிக் கொடுத்து, வேலை செய்த நாளை எண்ணி வைக்கச் சொல்லுவோம். இருபதுக்கு ஒன்று என்பதைச் சரிபார்க்க முதுகலைப் பட்டம் வேண்டியதில்லை. வகுத்தல் தெரிந்தால் போதும்.

அரசு தேதியை ஒருநாள் மாற்றிக் கொடுத்தது, கேட்டதனால். தோட்டத்துப் பட்டியலில் பொங்கல் ஏறியது, கேட்டதனால். ஆலையிலும் கேட்போம். வரும் சனவரிக்கான பட்டியல் எழுதப்படும்முன் கேட்போம்.