ஏரி மண்ணும் இம்பே ஊரும்

பொம்மனஹள்ளி என்றதும் பொம்மை செய்கிறவர்களின் ஊர் என்று தமிழர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. கன்னடத்தில் 'பொம்ம' என்பது பிரம்மாவின் மருவிய வடிவம். ஓசூர் சாலையோரம் இருக்கும் இந்தப் பகுதியில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளும் கணினிக்காரர்களும்தான் அதிகம். கணினிக்காரர்கள் ஜப்பானுக்குப் போய் வந்தால் நவோஷிமா தீவின் புகைப்படங்களோடு ஒரு மண் கோப்பையையும் கொண்டுவருகிறார்கள். விலையைச் சொல்லும்போது குரலில் பெருமை வழிகிறது.

நவோஷிமாவுக்குப் படகு ஏறும் ஊனோ துறைமுகம் ஓகயாமா மாநிலத்தில் இருக்கிறது. அதே மாநிலத்தில்தான் பிசென் மண்பாண்டங்களின் தாயகமான இம்பே என்ற சிற்றூரும் இருக்கிறது. பிசென் பாண்டத்தில் மெருகுப் பூச்சே கிடையாது. நெல் வயல்களுக்கு அடியிலிருந்து தோண்டிய களிமண்ணை ஆறப்போட்டு, பக்குவப்படுத்தி வனைகிறார்கள். பைன் விறகை எரித்துப் பத்து நாளுக்கும் மேலாகச் சுடுகிறார்கள். பறந்து படியும் சாம்பலும், சுற்றி வைத்த வைக்கோலும்தான் நிறம் தருகின்றன. சூளை எப்படி வரைகிறதோ அப்படி. நம் பானை குறைந்த சூட்டில் வேகிறது; நுண்துளை வழியே நீர் கசிந்து ஆவியாவதால் தண்ணீர் குளிர்கிறது. அது வேறு ஞானம், குறைந்த ஞானமல்ல.

பளபளக்கும் பீங்கான் பரவியபோது பிசெனும் நலிந்துபோனதுதான். கனேஷிகே தோயோ என்ற குயவர் பழைய பாணியைத் தேடிப்பிடித்து மீட்டார். 1956இல் அரசு அவரை 'வாழும் தேசியச் செல்வம்' என்று அறிவித்தது. 1974இல் பாரம்பரியக் கைத்தொழில்களுக்கென்று தனிச் சட்டமே வந்தது. ஜப்பானில் எல்லாமே புண்ணியக் கதை என்று நினைக்க வேண்டாம். அரிட்டாவின் புகழ்பெற்ற பீங்கான், படையெடுப்பின்போது கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட குயவர்களின் கைவண்ணத்தில் தொடங்கியது.

பிசெனில் பயின்ற டெபோரா ஸ்மித் என்ற அமெரிக்கப் பெண் 1971இல் ரே மீக்கருடன் சேர்ந்து பாண்டிச்சேரியில் 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி'யைத் தொடங்கினார். அங்கே பழகியவர்கள் இன்று நாடெங்கும் சூளை வைத்திருக்கிறார்கள். அந்தக் கோப்பைகளுக்கு நம் நகரத்து வரவேற்பறைகளில் இடம் கிடைத்தது. ஊர்க் குயவரின் பானைக்குக் கிடைக்கவில்லை.

பெங்களூரின் வட பகுதியில், பென்சன் டவுனை ஒட்டி, பாட்டரி டவுன் இருக்கிறது. தமிழ் பேசும் குயவர் குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கே சக்கரம் சுற்றுகின்றன. சதுர்த்திக்குப் பிள்ளையார், தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் அகல், கோடைக்குப் பானை என்று வருஷம் ஓடுகிறது. மெட்ரோவின் சுரங்க நிலையம் ஒன்றுக்கும் அந்தப் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். பெயருக்கு இருக்கும் மரியாதை மண்ணுக்கு இல்லை. பெங்களூர் ஏரிகளின் ஊராக இருந்தது. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இப்போது மெஜஸ்டிக் பேருந்து நிலையம். சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம். மீதியிருக்கும் ஏரிகளில் சாக்கடை கலக்கிறது. களிமண் வெளியூரிலிருந்து லாரியில் வருகிறது. லாரி வாடகை அகல் விளக்கின் விலையில் ஏறினால், வாங்குகிறவர் முகம் சுளிக்கிறார்.

தமிழ்நாட்டில் குயவர்களும் விவசாயிகளும் ஏரி, குளங்களில் இலவசமாக மண் எடுக்க, 2024இல் அனுமதியைத் தாசில்தார் அளவிலேயே கிடைக்கும்படி எளிதாக்கினார்கள். நல்ல உத்தரவு. பெங்களூருக் குயவருக்கு அப்படியொரு உத்தரவு கிடைத்தாலும், அதைக் காட்டி மண் எடுக்கப் பக்கத்தில் ஏரி வேண்டுமே! ஷிகாராகி என்ற ஜப்பானியக் குயவர் ஊரின் மண்ணும் ஆதிகாலத்துப் பிவா ஏரியின் படுகை மண்தான். அந்தப் படுகையின் மேல் யாரும் பேருந்து நிலையம் கட்டவில்லை.

இம்பேயில் ஒவ்வோர் அக்டோபரிலும் பாண்டத் திருவிழா நடக்கிறது. ஓகயாமாவிலிருந்து ரயிலில் போய்விடலாம். போகிறவர்கள் அதற்கு முன்பு, சதுர்த்திக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பாட்டரி டவுன் சந்துகளில் ஒரு நடை நடந்து பாருங்கள். ஈரம் காயாத பிள்ளையார்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். விலை கேட்டால் தமிழிலேயே சொல்வார்கள். இம்பேயில் பேரம் பேச நமக்குக் கூச்சமாக இருக்கும். இங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.