சனியா உத்தியோகம் கொடுப்பான்?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்து, சமவெளிக் கல்லூரியொன்றில் தாவரவியல் படிக்கும் ஒரு மலை வாலிபனை நோக்கி, “இப்படிப்புக்கு என்ன உத்தியோகம்?” என்று கேட்டால், “வாத்தியார் வேலை கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் திருப்பூர்தான்” என்கிறான். பெற்றோரோ, மலையிலும் சரி, ஊரிலும் சரி, ஜோசியனைத் தேடுகிறார்கள். அவன் பத்தாமிடம் ஜீவன ஸ்தானமென்றும், அங்கே சனி குந்தியிருக்கிறானென்றும் சொல்லி, பரிகாரத்துக்குப் பணமும் வாங்கிக்கொள்கிறான்.

நாம் கேட்கிறோம்: வன இலாகாப் பரீட்சைக்கு விண்ணப்பம் போடக் கடைசித் தேதி எதுவென்று அந்தச் சனிக்குத் தெரியுமா? அந்த ஜோசியனாவது தன் மகனைச் சனியிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருக்கிறானா? பரீட்சைப் பயிற்சிக்குப் பணம் கட்டுகிறானா, இல்லையா?

தாவரவியல் படித்தவனுக்கு வாத்தியார் வேலை மாத்திரந்தானா? இந்திய வனப் பணிப் பரீட்சைக்கு அவன் போகலாம். தமிழ்நாடு தேர்வாணையம் நடத்தும் வனத் தொழில் பழகுநர் பரீட்சைக்கும் போகலாம். மேலே படித்தால் தாவர ஆராய்ச்சி உண்டு. 1955 முதல் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல நிலையம் கோயமுத்தூரிலேயே இருக்கிறது. அவன் மலையில் விளையும் மிளகுக்கும் காப்பிக்கும் தனித்தனி வாரியங்கள் இருக்கின்றன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதே மலையில் சாமை, தினை முதலிய தானிய ரகங்களைக் காப்பாற்றப் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறது. சாமை ரகங்களைக் காட்டில் பார்த்தே அடையாளம் சொல்லும் பிள்ளையை விட இதற்கு யோக்கியதை உடையவன் யார்?

“அவர்களுக்குத் திறமை போதாது” என்பார் சிலர். இது அயோக்கியத்தனமான பேச்சு. உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளை சோறு தின்னும்போதே எந்தப் பட்டத்துக்கு எந்தப் பரீட்சை, எந்த ஆபீசில் எப்பொழுது இடம் காலியாகும் என்பதையெல்லாம் காதில் வாங்கிக்கொள்கிறான். அதற்குப் ‘பிறவிப் புத்தி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மலைப்பிள்ளைக்குக் குறைவது புத்தியல்ல, தகவல்! பழங்குடியினருக்கு மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் 100-க்கு 7½ இடமும், தமிழ்நாட்டில் 100-க்கு 1 இடமும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இடம் ஒதுக்கிய செய்தி மலை ஏறாவிட்டால் ஒதுக்கி என்ன பலன்?

1953-இல் ராஜாஜி, பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. 1954-இல் அது ஒழிந்தது. ஆனால் பட்டம் கொடுத்துவிட்டு, அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதைச் சொல்லாமல் விடுவது என்ன கல்வி? அதுவும் குலக்கல்விதான்! சட்டமில்லாமல் நடக்கும் குலக்கல்வி!

2022-இல் தமிழ்நாடு அரசு ‘நான் முதல்வன்’ திட்டத்தை ஆரம்பித்திருக்கிறது. நல்லதே. ஆனால் திட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது. செம்மேட்டுக்கும் சோளக்காட்டுச் சந்தைக்கும் அது ஆளாக வந்து பேச வேண்டும்.

வாலிபத் தோழர்களே! கல்லூரியில் சேருமுன்னும், சேர்ந்த முதல் வருஷத்திலும் விசாரியுங்கள். இப்படிப்பை முடித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? அவ்வேலைக்குப் பட்டம் போதுமா, மேற்படிப்பு வேண்டுமா? வயது வரம்பு என்ன? சம்பளம் என்ன? அன்றாடம் செய்யும் காரியம் என்ன? வேலை பார்க்கிறவரையே நேரில் கண்டு கேளுங்கள். ஒருவர் சொல்வதை மற்றொருவரிடம் ஒத்துப் பாருங்கள். தேர்வாணைய அறிவிப்பை நீங்களே படியுங்கள். நாம் சொல்வதையும் அப்படியே சோதித்துப் பாருங்கள். தெரிந்துகொண்டதைப் பின்னால் வரும் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

கேட்க வெட்கப்படாதீர்கள். கேட்கக் கூடாதென்று சொல்லித்தானே நம்மை இத்தனை காலம் கீழே வைத்திருந்தார்கள்?