செல்போன் இருந்தா கேமராமேன் வேண்டாமா? திருவாடானையில் இருந்து ஒரு வீடியோ டிவிக்கு வரும் கதை

2024 நவம்பர் 20. பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் மேகம் உடைந்து கொட்டியது போல மழை. ராமேஸ்வரத்தில் மட்டும் 40 செ.மீ.க்கும் மேல் பதிவானது. அன்று டிவியில் ஓடிய காட்சிகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்க. மொட்டை மாடியில் இருந்து எடுத்தது, வீட்டு வாசலில் நின்று எடுத்தது, கை நடுங்க நடுங்க எடுத்தது. முதலில் வெளியே வந்தவை அந்தந்தத் தெருவில் குடியிருப்பவர்களின் செல்போன் காட்சிகள்தான். பெரிய கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு யாரும் அந்த நேரத்தில் அந்தத் தெருவுக்குள் போயிருக்க முடியாது.

இது பேரிடர் நாளின் கதை. சாதாரண நாளிலும் இப்போது நிலைமை இதுதான். அதே கடற்கரையில் வடக்கே வந்தால் திருவாடானை தாலுகா. தொண்டி துறைமுகம், நம்புதாளை, காரங்காடு அலையாத்திக் காடு, உள்ளே தள்ளி வயல்களும் கண்மாய்களும். இங்கே ஒரு சாலை மறியல், ஒரு படகு விபத்து, ஒரு கோயில் திருவிழா என்றால், டிவிக்கு வரும் காட்சி பெரும்பாலும் ஒரு செல்போனில் பிறக்கிறது. தாலுகா செய்தியாளர்தான் எடுப்பவர், மைக் பிடிப்பவர், அனுப்புபவர். எல்லாம் ஒரே ஆள்.

அப்படியானால் கேமரா தேவையில்லை என்று ஆகிவிட்டதா? 'ஆமாம்' என்று ஒரே வார்த்தையில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை.

பஸ்ஸில் போன கேசட்

இருபது வருஷத்துக்கு முன்னால் மாவட்டச் செய்தி என்பது ஒரு கேசட். மினி டிவி டேப்பில் எடுத்து, கவரில் போட்டு, பஸ்ஸில் கொடுத்து அனுப்புவார்கள். மதுரையிலோ சென்னையிலோ ஒருவர் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து வாங்க வேண்டும். பஸ் லேட் ஆனால் செய்தியும் லேட். காலையில் நடந்தது இரவுச் செய்தியில் வந்தால் அதுவே பெரிய விஷயம்.

பிறகு இன்டர்நெட் வந்தது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஏற்றினார்கள். அதற்கும் பிறகு 4ஜி. எடுத்த இடத்தில் இருந்தே, எடுத்த கருவியிலேயே வெட்டி அனுப்பலாம் என்றானதும்தான் ஆட்டமே மாறியது. செல்போன் கேமராவை வென்றது படத்தின் தரத்தால் இல்லை. படம் எடுப்பதும் அனுப்புவதும் ஒரே பொருளுக்குள் வந்ததால்.

கடலுக்குள் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் கடற்பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. தொண்டிக் கடலுக்கு அது பக்கத்து வீடு மாதிரி. வலையில் சிக்கிய கடற்பசுவை மீனவர்கள் அறுத்து விடும் காட்சியை நீங்கள் பார்த்திருந்தால், அது படகில் இருந்த ஒருவரின் போனில் எடுத்ததாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் அந்த இடத்தில் வேறு கேமரா கிடையாது. மூக்கையூர், தூத்துக்குடி என்று மீனவர்களே யூடியூப் சேனல் நடத்தி லட்சக்கணக்கானவர்களைக் கடலுக்குள் கூட்டிக்கொண்டு போவதும் இதே காலத்தின் விளைவு.

வேலை போனது யாருக்கு?

2017 ஜூலையில் என்டிடிவி சுமார் 70 பேரை வேலையை விட்டு அனுப்பியது. பாதிக்கப்பட்டவர்களில் பலர் கேமராமேன்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும். உலகம் முழுக்க உள்ள செய்தி நிறுவனங்களைப் போலத் தாங்களும் மொபைல் ஜர்னலிசத்துக்கு மாறுவதாக நிறுவனம் விளக்கம் சொன்னது. செய்தியாளர்களே போனில் படம் பிடிக்கப் பயிற்சி பெற்றார்கள். இந்தியாவில் இந்த மாற்றம் பெரிய அளவில் வெளியே தெரிந்த தருணம் அதுதான்.

டெல்லியில் அது தலைப்புச் செய்தி ஆனது. தாலுகாவில் சத்தமே இல்லாமல் நடந்தது. அங்கே முன்பு செய்தியாளரும் கேமராமேனும் ஒரே பைக்கில் போவார்கள். ஒருவர் பேட்டி எடுக்கும்போது இன்னொருவர் கூட்டத்தைக் கவனிப்பார். இப்போது பைக்கில் ஒருவர்தான். பேட்டி கொடுப்பவரின் முகத்தைப் பார்ப்பதா, ஸ்கிரீனைப் பார்ப்பதா, பின்னால் வரும் லாரியைப் பார்ப்பதா என்பது அவர் பாடு.

கோபுரத்தின் உச்சி தெரியுமா?

சரி, படத்தின் தரத்துக்கு வருவோம். இங்கே பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. பெரிய கேமரா என்றால் உள்ளே இருக்கும் சென்சாரும் பெரிதாகத்தான் இருக்கும் என்று. சினிமா கேமராவுக்கும் கல்யாண வீடுகளில் பார்க்கும் ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கும் அது பொருந்தும். 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். ஆனால் டிவிக்காரர்கள் தோளில் சுமந்த செய்தி கேமராவின் சென்சார் பெரும்பாலும் 10 மி.மீ. அகலம்கூட இருக்காது. இன்றைய விலை உயர்ந்த போன்களின் மெயின் கேமரா சென்சாரும் ஏறக்குறைய அதே அளவுதான். சிலவற்றில் பெரிசாகவே இருக்கிறது.

அப்போ வித்தியாசம் எங்கே? லென்ஸில்.

திருவாடானை ஆதிரத்தினேஸ்வரர் கோயிலின் ஒன்பது நிலை ராஜகோபுரத்தில் கும்பாபிஷேகம் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கலசத்தில் புனித நீர் ஊற்றும் அந்தச் சில விநாடிகள்தான் செய்தி. கீழே ஜனங்களுக்கு நடுவில் நிற்கும் கேமராமேன், செய்தி கேமராவின் ஜூம் லென்ஸைச் சுற்றினால் 17 மடங்கு, 20 மடங்கு என்று காட்சி கிட்டே வரும். கலசத்தில் வழியும் தண்ணீர் வரை தெரியும். கண்ணாடிகள் நகர்ந்து செய்யும் ஜூம் அது. போனில் பெரும்பாலும் 3 மடங்கு, 5 மடங்கு வரைதான் உண்மையான லென்ஸ். அந்த டெலி லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சென்சாரும் பெரும்பாலான போன்களில் மெயினை விடச் சின்னது. அதற்கு மேலே விரலால் இழுப்பதெல்லாம் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். கலசம் தெரியும். ஊற்றுகிறவர் யார், கையில் இருப்பது குடமா, கேனா என்பது தெரியாது.

2025 ஏப்ரல் 6-ல் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது தூக்குப் பகுதி மேலே எழும் காட்சிக்கு முறையான கேமராக்கள் தேவைப்பட்டதும் இதனால்தான். கரையில் நின்று போனில் எடுத்தவர்களுக்குக் கிடைத்தது கடலும் வானமும், நடுவில் ஒரு கோடும்.

ராத்திரி வந்தால் இன்னொரு தொல்லை. கல்யாண மண்டபத்திலோ ஆஸ்பத்திரி வராண்டாவிலோ எடுத்த வீடியோவில் லைட் துடிப்பதையும், படத்தின் மேல் பட்டை பட்டையாக நிழல் ஓடுவதையும் பார்த்திருப்பீர்கள். போன் கெட்டுப்போகவில்லை. நம் ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். சாதாரண டியூப் லைட் விநாடிக்கு 100 முறை மினுக்கும். போன்கள் வழக்கமாக விநாடிக்கு 30 ஃப்ரேமில் எடுக்கும். இரண்டுக்கும் தாளம் சேராது. போதாக்குறைக்கு இந்திய டிவி ஒளிபரப்பு 25 ஃப்ரேம். 30-ஐ 25 ஆக்கும்போது நடந்து போகிறவர் லேசாகத் தத்தித் தத்திப் போவார். ஐபோனில் கேமரா செட்டிங்ஸுக்குள் 'பால் ஃபார்மட்' என்பதை ஆன் செய்தால் 25 ஃப்ரேம் வந்துவிடும். ஆண்ட்ராய்டில் சில போன்களின் ப்ரோ மோடில் கிடைக்கும், இல்லாவிட்டால் தனி ஆப் தேவை. ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் நிறுத்தினால் துடிப்பும் அடங்கும். காசு செலவில்லாத வேலை. ஆனால் போனைக் கையில் கொடுத்து 'எடுத்து அனுப்பு' என்று சொல்லும் இடங்களில் இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

வெளிச்சம் குறைந்தால் சில போன்கள் ஃப்ரேம் எண்ணிக்கையைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். எடிட்டிங்கில் போட்டுப் பார்த்தால் வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

காற்றும் உப்பும் வெயிலும்

தொண்டிக் கடற்கரையில் நின்று போனின் சொந்த மைக்கில் பேட்டி எடுத்தால் கிடைப்பது காற்றின் பேட்டி. மீனவர் சொன்ன நாலு வார்த்தையில் இரண்டு காணாமல் போகும். படம் மங்கலாக இருந்தால்கூடப் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். சத்தம் புரியவில்லை என்றால் விரல் அடுத்த வீடியோவுக்குப் போய்விடும். அதனால் புதுப் போன் வாங்குவதற்கு முன்னால் சட்டையில் மாட்டும் ஒயர்லெஸ் மைக் வாங்குவது புத்திசாலித்தனம். அதன் மேல் போடும் அந்தப் பஞ்சு உறை அலங்காரத்துக்கு இல்லை, காற்றைத் தடுக்க.

உப்பு வேறு கதை. தண்ணீர் புகாது என்று பெட்டியில் எழுதியிருக்கும் போன்கள் சோதிக்கப்படுவது நல்ல தண்ணீரில். கடல் நீருக்கு அந்த உத்தரவாதம் பொருந்தாது. வெயிலும் அப்படித்தான். ஐபோனைப் பயன்படுத்த ஏற்ற வெளி வெப்பம் 35 டிகிரி வரை என்று ஆப்பிளே சொல்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் மே மாதம் மதியம் என்ன நிலவரம் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நேரலை போய்க்கொண்டிருக்கும்போதே ஸ்கிரீன் மங்கி, போன் சூடாகிவிட்டது என்று அறிவிப்பு வந்து நின்றால், அன்றைய நேரலை அவ்வளவுதான்.

'ஐபோனில் எடுத்த படம்' என்பதன் பின்னால்

2023 அக்டோபரில் ஆப்பிள் தன் அறிமுக நிகழ்ச்சி முழுவதையும் ஐபோன் 15 ப்ரோ மேக்ஸில் எடுத்ததாகச் சொன்னது. உண்மைதான். பிறகு வெளியான படப்பிடிப்புக் காட்சிகளில் அந்தப் போனைச் சுற்றி கிரேன், பெரிய பெரிய லைட்டுகள், ஒரு படை ஆட்கள். டேனி பாயில் இயக்கி 2025-ல் வந்த '28 இயர்ஸ் லேட்டர்' ஹாலிவுட் படத்தில் 20 ஐபோன்களை ஒன்றாகப் பூட்டிய ரிக்கூட உண்டு. கொரோனா காலத்தில் மகேஷ் நாராயணன் ஐபோனில் எடுத்த மலையாளப் படம் 'சி யு சூன்' இதற்கு நேர் எதிர். கம்ப்யூட்டர், போன் திரைகளிலேயே நகரும் கதை என்பதால் போனில் எடுத்தது அதற்குப் பொருத்தமாக இருந்தது.

இந்த உதாரணங்களைக் காட்டி 'சினிமாவே போனில் எடுக்கிறாங்க, செய்தி எடுக்க முடியாதா?' என்று கேட்பது சரியான கேள்வி இல்லை. அங்கே மாறியது கேமரா மட்டும். லைட் பிடிப்பவரும் சவுண்ட் பதிவு செய்பவரும் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை.

போலீஸ் கேட்டால் போனைக் கொடுப்பதா?

இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஆனால் யாரும் பேசுவதில்லை.

2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 105-வது பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. எதில்? 'முடிந்தவரை மொபைல் போனில்' என்று சட்டமே சொல்கிறது. ஆக, சம்பவ இடத்தில் செய்தியாளர் கையிலும் போன், காவலர் கையிலும் போன்.

பழைய காலத்தில் ஒரு கலவரக் காட்சி விசாரணைக்குத் தேவை என்றால் டேப்பையோ மெமரி கார்டையோ கேட்பார்கள். இப்போது காட்சி இருப்பது போனில். அதே போனில்தான் செய்தி கொடுத்தவர்களின் நம்பர்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள், ஜிபே, குடும்பப் படங்கள். பறிமுதல் ஆனால் எல்லாமே ஒன்றாகப் போகும். 2023 நவம்பரில் ஊடகவியலாளர்களின் கருவிகளைப் பறிமுதல் செய்வது தொடர்பான வழக்கில், இது தீவிரமான விஷயம் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், வழிகாட்டு நெறிமுறைகள் தேவை என்று மத்திய அரசிடம் கூறியது. தலைநகரத்துப் பத்திரிகையாளருக்கு வக்கீல் இருப்பார். தாலுகா செய்தியாளருக்கு?

காட்சி ஆதாரமாக நிற்பதற்கும் நிபந்தனை உண்டு. பாரதிய சாக்‌ஷிய அதினியமின் 63-வது பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பின் 'ஹாஷ்' மதிப்பும் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் கோப்பு சுருங்கி, எடுத்த நேரம், இடம் போன்ற விவரங்கள் கழன்றுவிடும். 'டாகுமென்ட்' ஆக அனுப்பினால் 2 ஜிபி வரை அப்படியே போகும். செய்தி அறைக்கும் இது முக்கியம். ஒவ்வொரு மழைக்கும் போன வருஷ வெள்ளம் புது வெள்ளமாகச் சுற்றி வருவதைப் பிடிக்க, ஒரிஜினல் கோப்பு கையில் இருந்தால்தான் முடியும்.

செலவு யார் கணக்கில்?

கேமரா அலுவலகச் சொத்தாக இருந்தவரை, உடைந்தால் அலுவலகத்துக்குக் கடிதம் போகும். போன் அப்படி இல்லை. பெரும்பாலும் சொந்தப் பணம், இஎம்ஐ. டேட்டா ரீசார்ஜும் சொந்தம். ஒரு நிமிட 4கே வீடியோ 170 எம்பி, அதையே ப்ரோரெஸில் எடுத்தால் 6 ஜிபி வரை இடம் பிடிக்கும் என்பது ஆப்பிள் கொடுக்கும் கணக்கு. அந்த ஸ்டோரேஜுக்கும் காசு அவரே. டிவிக்குப் படுக்கை வாட்டில் ஒன்று, ரீல்ஸுக்கு நெட்டுக்குத்தலாக இன்னொன்று என்று ஒரே காட்சியை இரண்டு தடவை எடுக்கச் சொல்லும் இடங்களும் உண்டு. பல தாலுகா செய்தியாளர்களுக்கு மாதச் சம்பளமே கிடையாது, செய்திக்கு இவ்வளவு என்றுதான் பணம்.

ஒப்பிட்டால் கல்யாண வீடியோகிராஃபர்கள் இன்னும் ஓரளவு தாக்குப்பிடிக்கிறார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்தாலும், தாலி கட்டும் நேரத்தில் முன்னால் நிற்கிற இடமும் மங்கல் வெளிச்சத்தைச் சமாளிக்கிற பெரிய சென்சாரும் அவரிடம்தான். அந்த வேலைக்குப் பணம் கொடுக்க ஒரு வீடு இருக்கிறது. கேமரா வாங்கிய கடனை அந்தப் பணத்தில் அடைக்கிறார்.

தாலுகா செய்தியாளரின் கணக்கில் அந்த வரவு இல்லை. சாலை மறியலில் தள்ளுமுள்ளு நடந்து போன் கீழே விழுந்து ஸ்கிரீன் உடைந்தால், டிஸ்பிளே மாற்ற அன்றைக்கே கடைக்கு ஓட வேண்டும். பல செய்திகளுக்குக் கிடைக்கும் பணம் அதிலேயே போகும். சாயங்காலம் தொண்டியில் இருந்து அடுத்த செய்தி என்று அழைப்பு வந்தால், எடுப்பதற்கு அவரிடம் இருப்பது அந்த ஒரு போன்தான்.