மழைக்கு முன்னாடி பின் டயரைப் பாருங்க

குளிர் நாடுகள்ல பனிக்காலத்துக்குத் தனி டயர் உண்டு. 7 டிகிரிக்குக் கீழ போனாலும் ரப்பர் இறுகாது. தூத்துக்குடிக்கு அது வீண் செலவு. நமக்குக் குளிர்காலம்னா மழைதான். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 செ.மீ.க்கு மேல கொட்டின மாவட்டம் இது!

இன்னோவா கிரிஸ்டா, பொலேரோ, ஈகோ எல்லாம் பின்சக்கரத்துல ஓடுற வண்டிகள். ரெண்டு டயர் மட்டும் புதுசு வாங்குறவங்க அதை முன்னாடி மாட்டச் சொல்றாங்க. வேண்டாம், பின்னாடி மாட்டுங்க. தேங்கின தண்ணியில முன் டயர் வழுக்கினா, ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா பெரும்பாலும் பிடி திரும்பக் கிடைக்கும். பின் டயர் வழுக்கினா வண்டியே சுத்திடும். எதிர்ல உப்பு லாரி வரும்.

காருக்கு டயர் பட்டன் 1.6 மி.மீ. ஆழத்துக்குக் கீழ தேயக் கூடாதுன்னு சட்டம். மழைக்கு அது போதாது, 3 மி.மீ.லயே மாத்திடுங்க. மொட்டை டயர் பைக்குக்கும் ஆகாது.

டயர் விலை ஜாஸ்திதான், தெரியும். எங்ககிட்ட வைத்தியம் இலவசம். ஆனா தொடை எலும்பு முறிஞ்ச துறைமுகத் தினக்கூலிக்கு மூணு நாலு மாசக் கூலியை யார் தருவா?

பழைய டயர் வாங்குறவங்க பக்கவாட்டுல உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்க. 3518னா 2018ஆம் வருஷம், 35ஆவது வாரம். பட்டன் நல்லா இருந்தாலும் அதை வாங்காதீங்க.