வேகம் மட்டும் போதுமா?

மாணவர்களே, வேதியியலில் வினை வேகம் பற்றிப் படித்திருப்பீர்கள். சூட்டைக் கூட்டினால், பொருளைப் பொடியாக்கினால், வினையூக்கி சேர்த்தால் வினை வேகமாக நடக்கும். தேர்வில் மதிப்பெண் வாங்க இது போதும். ஓர் ஆலையை நடத்தப் போதாது. ‘எப்படி வேகப்படுத்துவது?’ என்று கேட்கும் நம் வகுப்பறைகள், ‘எந்த வினையை வேகப்படுத்துவது, எங்கே நிறுத்துவது?’ என்றும் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

பாடநூலில் ஒரு சமன்பாடு தனியாக நிற்கும். ஆலையிலோ பல வினைகள் ஒரே நேரத்தில் நடக்கும். இதற்கு நல்ல உதாரணம் கேமரன் மலையிலேயே இருக்கிறது.

கியா பார்ம் பக்கம் சுற்றுலா போனவர்கள் சுங்கை பாலாஸ் தேயிலைத் தொழிற்சாலையையும் பார்த்திருக்கலாம். கறுப்புத் தேயிலை செய்ய, கொழுந்தை வாடவிட்டு உருட்டு இயந்திரத்தில் நசுக்குகிறார்கள். இலையின் செல்கள் உடைந்ததும், அதுவரை தனித்தனியாக இருந்த கேட்டசின்களும் ஒரு நொதியும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர, வினை தொடங்குகிறது. தொழிலில் இதை நொதித்தல் என்பார்கள். உண்மையில் இது ஆக்சிஜனேற்றம்.

கேட்டசினிலிருந்து தேயாஃபிளேவின் உருவாகிறது. தேநீரின் பளிச்சென்ற செம்மஞ்சள் நிறமும் சுறுசுறுப்பான சுவையும் இதனால் வருபவை. ஆனால், வினை அங்கே நிற்பதில்லை. தேயாஃபிளேவினும் மாறி, பழுப்பு நிறத் தேயாருபிஜின் ஆகிறது. கேட்டசினிலிருந்து வேறு வழியாகவும் தேயாருபிஜின் உருவாகிறது. தேநீருக்கு அடர்த்தி தருவது இதுதான். இரண்டும் அளவோடு வேண்டும். சீக்கிரம் நிறுத்தினால் பச்சை வாடை. தாமதித்தால் தேயாஃபிளேவின் குறைந்து தேநீர் மங்கிவிடும். சூடு அதிகமானால் தேயாருபிஜின் பக்கம் சாய்ந்துவிடும். அதனால்தான் உரிய நேரத்தில் இலையைச் சூடான காற்றில் உலர்த்தி, நொதியைச் செயலிழக்கச் செய்கிறார்கள். கேட்டசின் முழுவதும் தீர்ந்துபோவது இங்கே வெற்றி அல்ல.

வினை நடக்கும் கலனின் அமைப்பும் முக்கியம். இலையை மெல்லிய அடுக்காகப் பரப்பினால் எல்லா இலைக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் கிடைக்கும். மாறாக, ஒரு பெரிய தொட்டியில் புது இலையைக் கொட்டிக்கொண்டும் கலக்கிக்கொண்டும் எடுத்துக்கொண்டும் இருந்தால்? சில இலை பச்சையாகவே வெளியேறும். சில இலை அளவுக்கு மீறி மாறிவிடும்.

இதை எண்ணிலும் காட்டலாம். ‘அ’ என்ற பொருள் ‘ஆ’ ஆகிறது, ‘ஆ’ பிறகு ‘இ’ ஆகிறது. நமக்கு வேண்டியது ‘ஆ’. ஒவ்வொரு படியின் வேகமும் அதில் மாறும் பொருளின் செறிவுக்கு நேர்விகிதம், இரண்டுக்கும் வேக மாறிலி ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் பகுதிக்கும் ஒரே நேரம் கொடுத்தால், 100 பங்கு ‘அ’விலிருந்து அதிகபட்சம் சுமார் 37 பங்கு ‘ஆ’ கிடைக்கும். இடைவிடாமல் கலக்கும் தொட்டியில் 25 பங்குதான். பொருளும் சூடும் ஒன்றே. மாறியது கலன் மட்டுமே.

தேயிலையில் தவறினால் சுவை கெடும். மருந்து ஆலையிலோ சாய ஆலையிலோ தவறினால், வேண்டாத பொருள் கழிவாகக் குவியும்; அது ஆற்றில் கலந்தால் பாதிப்பு நமக்குத்தான்.

‘பாடத்திட்டம் ஏற்கெனவே கனம்’ என்று ஆசிரியர்கள் சொல்லக்கூடும். நியாயம்தான். புதிய அத்தியாயம் வேண்டாம். படிக்கும் சமன்பாட்டோடு ஒரே ஒரு கேள்வி கூடுதலாகப் போதும். அதை நீங்களே தொடங்கி வையுங்கள்: “ஐயா, இந்தப் பொருள் உருவான பிறகு அதுவும் மாறுமா?”