சொல்லிக்கொண்டு விலகுவோம்!

“நாளையிலேருந்து வரலைங்க!”

நம் பெண்கள் பலர் வேலையை விடுவது இந்த ஒரே வாக்கியத்தில்தான். சிலர் அதைக்கூடச் சொல்வதில்லை. சம்பளம் வாங்கிய மறுநாளே நின்றுவிடுவார்கள். ஆள் அனுப்பிக் கேட்டால், “அவளுக்கு உடம்பு முடியலை” என்று மாமியார் பதில் சொல்லி அனுப்புவார்.

திண்டுக்கல்லில் ஜவுளிக்கடை, பூட்டுப் பட்டறை, தனியார் பள்ளிக்கூடம், சின்னாளபட்டியில் சேலைக்கடை, வேடசந்தூர் பக்கம் நூற்பு மில் என்று பெண்கள் வேலைக்குப் போகாத இடமில்லை. ஆனால் சேரும்போது என்ன நடக்கிறது? தெரிந்த அக்கா ஒருத்தி கூட்டிக்கொண்டு போவாள். முதலாளி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சரிம்மா, திங்கட்கிழமை வந்துரு” என்பார். அவ்வளவுதான் ஒப்பந்தம்!

“எழுத்தே இல்லாத வேலைக்கு ராஜினாமாக் கடுதாசி எதுக்குக்கா?” என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட வேலைக்குத்தான் அது ரொம்ப அவசியம் என்பேன். எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், என்ன சம்பளம், எந்தத் தேதியில் விலகினீர்கள் என்பதற்கு வேறு அத்தாட்சி ஏது? சேரும்போது கிடைக்காத காகிதத்தை விலகும்போது நாமே உண்டாக்கிக் கொள்கிறோம்.

கையில் எழுத்து இல்லாததால் வந்த கஷ்டத்தை நம் ஜில்லா பார்த்திருக்கிறது. இங்கேயும் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கமும் நூற்பு மில்களில் ‘சுமங்கலித் திட்டம்’ பரவியிருந்ததே, நினைவிருக்கிறதா? மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்றார்கள். உடம்பு முடியாமல் நடுவில் ஊர் திரும்பிய பல பெண்கள் அந்தப் பணத்தைக் கண்ணால் பார்க்கவில்லை.

சரி, விலகுவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருஷம் முடித்தவர்களுக்குப் பணிக்கொடை உண்டு. வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம். மாதத்தை 26 நாளாக வகுக்க வேண்டும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 10,400 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 6,000. ஐந்து வருஷத்துக்கு 30,000 ரூபாய். ஒரு ஜோடி கம்மலுக்கு ஆகுமே! நான்கு வருஷம் முடித்து, ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆக, நாலரை வருஷத்தில் கோபித்துக்கொண்டு கிளம்பாதீர்கள். இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள். தனியார் பள்ளி ஆசிரியைகளுக்கும் இது உண்டு. 2022-ல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்துவிட்டது.

முழுகாமல் இருக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. “வயித்துப் பிள்ளையோட எதுக்கு சிரமப்படறே, எழுதிக் கொடுத்துட்டுப் போம்மா” என்று அன்பாகத்தான் சொல்வார்கள். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்! பிரசவத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு சட்டப்படி உண்டு. ஈ.எஸ்.ஐ. பிடிப்பவர்களுக்கு அந்த வழியாகவே பணம் வரும். முதலில் விடுப்பு, விலகுவதைப் பிறகு யோசிக்கலாம்.

எத்தனை நாள் முன்னதாகச் சொல்வது? பெரிய ஆலைகளுக்காக வந்த 1946-ம் வருஷத்து நிலையாணைச் சட்டத்தின் மாதிரி விதிகள், மாதச் சம்பளக்காரருக்கு ஒரு மாதம், மற்றவர்களுக்கு இரண்டு வாரம் என்று வைத்தன. பேசி வைக்காத இடத்தில் நமக்கும் அதுவே நல்ல அளவு. தீபாவளி வியாபாரத்தின் நடுவிலோ, முழுப் பரீட்சை நேரத்திலோ விட்டுவிட்டுப் போவது தர்மமும் அல்ல. நாளைக்கு நல்ல வார்த்தை சொல்ல ஆள் வேண்டாமா?

கடிதம் நாலு வரி இருந்தால் போதும்:

“ஐயா, நான் (தேதி) முதல் தங்கள் நிறுவனத்தில் மாதம் (தொகை) ரூபாய் சம்பளத்தில் வேலை செய்து வருகிறேன். குடும்பச் சூழ்நிலை காரணமாக (தேதி) மாலையுடன் விலகிக் கொள்கிறேன். அதுவரை வழக்கம்போல் வேலைக்கு வருவேன். எனக்குச் சேர வேண்டிய சம்பளப் பாக்கி, பணிக்கொடை முதலியவற்றைக் கொடுத்து, அனுபவச் சான்றிதழும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

முன்பணம் வாங்கியிருந்தால் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு பாக்கி என்பதையும் எழுதுங்கள். குற்றம் குறை எதுவும் இதில் வேண்டாம். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் “பெற்றுக்கொண்டேன்” என்று கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் படம் எடுத்தும் அனுப்பி வைக்கலாம்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகிய இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளப் பாக்கியைத் தீர்க்க வேண்டும். “பத்தாம் தேதிக்கு மேல வாம்மா” என்று அலையவிடக் கூடாது. படிப்புச் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் யாருக்கும் உரிமை கிடையாது. கொடுக்க மாட்டேன் என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள்.

இன்றைக்கு இரவு அடுப்படி வேலை முடிந்ததும் ஒரு நோட்டை எடுத்து, நீங்கள் வேலைக்குச் சேர்ந்த தேதியை முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். மாதாமாதம் வாங்கும் சம்பளத்தையும் அதன் கீழே குறித்து வாருங்கள். விலகும் நாள் எப்போது வந்தாலும் அது கைகொடுக்கும்.